ஆல்ஃபா-சைனியூக்ளினை ஆராய எந்தக் காந்த ஒத்ததிர்வு முறை?

பார்க்கின்சன் நோயாளிகளின் மூளை செல்களுக்குள் திரண்டு கிடக்கும் புரதம் ஆல்ஃபா-சைனியூக்ளின். லூயி உடல்கள் எனப்படும் அந்தத் திரள்களின் முக்கியப் பொருள் இதுதான் என்று 1997இல் தெரியவந்தது. இதன் மரபணுவில் வரும் ஒரு பிறழ்வு சில குடும்பங்களில் இந்த நோயைக் கொண்டுவருகிறது என்பதும் அதே ஆண்டில்தான் தெரிந்தது. 140 அமினோ அமிலங்கள், சுமார் 14.5 கிலோடால்டன் எடை. நீரில் தனியாக இருக்கும்போது இதற்கென்று நிலையான வடிவம் எதுவும் கிடையாது.

இந்தப் புரதத்தில் வேலை தொடங்கும் மாணவர்கள் ஆரம்பத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எந்த மெஷினில் நேரம் வாங்கலாம்?" உடலைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ., மூலக்கூறுகளின் அணுக்கருக்களைக் கேட்கும் கரைசல் என்.எம்.ஆர்., திடநிலை என்.எம்.ஆர்., எலெக்ட்ரான்களைக் கேட்கும் இ.பி.ஆர். என்று வரிசை நீளும். காந்தப் புலத்தில் ஸ்பின்களை, அதாவது சிறு காந்தங்கள் போல நடந்துகொள்ளும் அணுக்கருக்களையோ எலெக்ட்ரான்களையோ, நிறுத்தி, ரேடியோ அலையோ மைக்ரோ அலையோ செலுத்தி, அவை திருப்பித் தரும் சிக்னலைக் கேட்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஆனால் ஒன்று காட்டுவதை இன்னொன்று காட்டாது.

பெரும்பாலானவர்கள் பிரிதிறன் அட்டவணையிலிருந்து தொடங்குகிறார்கள். எது மில்லிமீட்டர், எது மைக்ரோமீட்டர், எது நானோமீட்டர் என்று. அது வேண்டும்தான், ஆனால் அது இரண்டாவது கேள்வி. இந்த மெஷினுக்குள் போவதற்கு என் சாம்பிளை என்னவாக மாற்ற வேண்டியிருக்கும் என்பதுதான் முதல் கேள்வி. உறைய வைக்கணுமா, உலர்த்தணுமா, சவ்வுக்குப் பதிலாகச் சோப்பு மூலக்கூறுகளில் கரைக்கணுமா, புரதத்தில் வெளிப்பொருளை ஒட்டணுமா? சாம்பிள் மாறினால் விடையும் மாறும். ஆல்ஃபா-சைனியூக்ளின் ஆய்வில் அப்படி மாறியும் இருக்கிறது. அந்தக் கதைக்குக் கீழே வருகிறேன்.

எம்.ஆர்.ஐ.யால் எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க முடியும்?

காந்த ஒத்ததிர்வின் பெரிய பலவீனம் அதன் மெல்லிய சிக்னல். 3 டெஸ்லா (டெஸ்லா காந்தப் புலத்தின் அலகு) எம்.ஆர்.ஐ.யில், உடல் வெப்பநிலையில், 10 லட்சம் ஹைட்ரஜன் அணுக்கருக்களை எடுத்துக்கொண்டால் சிக்னலுக்கு உதவும் உபரி சுமார் 10தான். மற்றவை எதிரெதிராக நின்று ஒன்றையொன்று ரத்து செய்துவிடுகின்றன. ஒரு கன மில்லிமீட்டர் நீரில் அணுக்கருக்கள் ஏராளம் என்பதால் மருத்துவமனையில் இது ஒரு குறையாகத் தெரிவதில்லை. பக்கத்துக்கு 10 மைக்ரோமீட்டர் உள்ள ஒரு கனசதுரத்துக்கு இறங்கினால் அணுக்கருக்களின் எண்ணிக்கை 10 லட்சத்தில் ஒரு பங்காகிவிடும்.

இந்தக் கணக்கைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. படத்தின் ஒவ்வொரு கனப்புள்ளியின் பக்கத்தையும் பாதியாக்கினால் கன அளவு எட்டில் ஒன்றாகும், சிக்னலும் எட்டில் ஒன்றாகும். திரும்பத் திரும்ப அளந்து சராசரி எடுத்தால் இரைச்சலை அடக்கலாம். ஆனால் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் பலன் கூடும். எட்டு மடங்கை ஈடுகட்ட 64 மடங்கு நேரம் வேண்டும். 10 நிமிட ஸ்கேன் 10 மணி 40 நிமிடம் ஆகிவிடும்.

2019இல் வெளியான ஓர் ஆய்வில், இறந்தவர் ஒருவரின் முழு மூளையை 7 டெஸ்லாவில் 100 மைக்ரோமீட்டர் நுணுக்கத்தில் படமெடுத்தார்கள். அதற்கு ஏறத்தாழ 100 மணி நேரம் பிடித்தது. அதே காந்தம், சிக்னலைப் பிடிக்கும் அதே காயிலோடு 10 மைக்ரோமீட்டருக்குப் போக நினைத்தால் 10 லட்சம் மடங்கு நேரம், அதாவது 11,000 ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். வலுவான புலமும் சின்னஞ்சிறு காயிலும் இதை வெகுவாகக் குறைக்கும். ஆனால் காயில் சிறிதாக வேண்டுமென்றால் சாம்பிளும் சிறிதாக வேண்டும். 1986இல் முதன்முதலாக ஒரு தனி செல்லைக் காந்த ஒத்ததிர்வில் படமெடுத்தபோது ஆப்பிரிக்கத் தவளையின் முதிரா முட்டையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அது ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பெரிய செல். 2002இல் நுண்காயில் வைத்து மூன்று திசையிலும் 4 மைக்ரோமீட்டருக்குக் கீழே இறங்கினார்கள்.

அதற்கும் கீழே போக விடாமல் தடுப்பது நீரின் ஓட்டம், அதாவது விரவல் எனப்படும் மூலக்கூறுகளின் ஓயாத அலைச்சல். 25 டிகிரி வெப்பநிலையில் தூய நீர் மூலக்கூறு ஒன்று 10 மில்லி வினாடியில் ஒரு திசையில் சராசரியாக 7 மைக்ரோமீட்டர் நகர்ந்துவிடும். அளந்து முடிப்பதற்குள் அளக்கப்படுவது இடம் மாறிவிடுகிறது.

லூயி உடலின் விட்டம் 5 முதல் 25 மைக்ரோமீட்டர். ஆகவே உயிரோடு இருக்கும் நோயாளியின் மூளையில் ஒரு லூயி உடலை எம்.ஆர்.ஐ.யில் நேரடியாகப் பார்த்துவிடலாம் என்ற எண்ணத்தோடு ஆய்வுத் திட்டம் எழுத வேண்டாம். பிரான்சின் சாக்லே வளாகத்தில் இருக்கும் 11.7 டெஸ்லா ஐசூல்ட் ஸ்கேனர் 2024இல் வெளியிட்ட மூளைப் படங்கள் அபாரமானவை. நான்கே நிமிடத்தில், தளத்துக்குள் 0.2 மில்லிமீட்டர் நுணுக்கம், ஒரு மில்லிமீட்டர் தடிமன். அதுவே லூயி உடலைவிடப் பல மடங்கு பெரிது.

நீரின் ஓட்டத்தையே அளந்தால்

தடையாக இருக்கும் அதே விரவலை அளவுகோலாக்கிவிடுவது டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. காந்தச் சரிவை, அதாவது இடத்துக்கு இடம் வலு மாறும் காந்தப் புலத்தை, துடிப்புகளாகக் கொடுத்து நீரின் நகர்வை அளக்கும் வழியை ஸ்டெஜ்ஸ்கலும் டானரும் 1965இல் காட்டினார்கள். 1980களின் நடுவில் டெனி லெ பிஹான் அதை மூளைப் படமாக்கினார். கனப்புள்ளி ஒரு மில்லிமீட்டரோ இரண்டு மில்லிமீட்டரோ இருக்கட்டும். அதற்குள் நீர் எந்தத் திசையில் தடையின்றி ஓடுகிறது, எங்கே முட்டி நிற்கிறது என்பது சிக்னலில் பதிந்துவிடும். படத்தில் தெரியாத நுண்ணமைப்பைப் புள்ளியியலாக வாசிக்கும் வழி இது.

பார்க்கின்சனில் இதற்கு உறுதியான பயன் உண்டு. இந்த நோயில் செல்கள் அழியும் மூளைப் பகுதியான சப்ஸ்டான்ஷியா நைக்ராவின் பின்பகுதியில், செல்களுக்கு வெளியே தடையின்றி இருக்கும் நீரின் பங்கு நோயாளிகளிடம் கூடுகிறது. நோய் முற்ற முற்ற அது மேலும் கூடுவதையும் அளந்திருக்கிறார்கள். ஒரே ஆளை வருடா வருடம் கூப்பிட்டுப் பார்க்க முடிகிற முறை இந்த வரிசையில் எம்.ஆர்.ஐ. மட்டும்தான். அந்த ஒரு காரணத்துக்காகவே இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் நீர் கூடியிருக்கிறது என்று இது சொல்லும், ஏன் கூடியது என்று சொல்லாது. செல்கள் செத்ததாலா, வீக்கத்தாலா, திசு சுருங்கியதாலா? எல்லாமே ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும். ஆக்சானின், அதாவது நரம்பு செல்லின் நீண்ட இழையின், விட்டத்தை அளக்கிறோம் என்று வரும் கணித மாதிரிகளிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். மருத்துவமனை ஸ்கேனர்களின் காந்தச் சரிவு மீட்டருக்கு 40 முதல் 80 மில்லிடெஸ்லா. மனித மூளைக்கென்றே கட்டப்பட்ட முதல் கனெக்டோம் ஸ்கேனர்களில் 300. மனித மூளையின் ஆக்சான்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீட்டரைச் சுற்றியோ அதற்குக் கீழோதான் இருக்கும். இந்தச் சரிவுகளுக்கு அவ்வளவு மெல்லிய குழாய்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். கணினி ஒரு எண்ணைக் கொடுக்கத்தான் செய்யும். அந்த எண் அளவீட்டிலிருந்து வந்ததா, மாதிரியின் அனுமானத்திலிருந்து வந்ததா என்று கேட்காமல் கட்டுரையில் எழுதக் கூடாது. திசுவை வெட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டாயம். சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட 'தரணி' என்ற மனிதக் கருவின் மூளை வரைபடத்தில் 5,132 வெட்டுகள் செல் அளவு நுணுக்கத்தில் இருக்கின்றன. டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ.யின் கூற்றுகளைச் சரிபார்க்க இந்த மாதிரியான வேலைதான் தேவை.

சுருள் நேரானதா, வளைந்ததா?

இப்போது புரதத்துக்கே வருவோம். ஆல்ஃபா-சைனியூக்ளின் செல்லுக்குள் சவ்வுகளில் ஒட்டிக்கொள்ளும்போது அதன் முதல் 90க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் சுருளாகின்றன. அந்தச் சுருளின் வடிவம் என்ன? இந்தக் கேள்விக்குக் கரைசல் என்.எம்.ஆரும் இ.பி.ஆரும் வேறு வேறு விடைகள் தந்தன. தேர்வைப் பற்றி யோசிக்கும் எவருக்கும் இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

கரைசல் என்.எம்.ஆரில் மூலக்கூறு வேகமாகச் சுழன்றால்தான் கோடுகள் கூர்மையாக வரும். மூலக்கூறு பெரிதானால் சுழற்சி மந்தமாகும், கோடு தடிக்கும், கடைசியில் இரைச்சலில் கரைந்துவிடும். 1997இல் கூர்ட் வூத்ரிச்சின் குழு கொண்டுவந்த டிராசி முறை இந்த எல்லையை வெகுதூரம் தள்ளி வைத்தது. 2002இல் 900 கிலோடால்டன் எடையுள்ள குரோஇஎல்-குரோஇஎஸ் என்ற புரதத் தொகுதியிலிருந்துகூடச் சிக்னல் எடுத்தார்கள். ஆனால் செல் சவ்வுக்கு மாதிரியாக வைக்கும் ஒரு கொழுப்பு நுண்குமிழி அதையும்விடப் பல மடங்கு பெரிது. அதில் ஒட்டிய புரதத்தின் சிக்னல் சாதாரண நிறமாலையில் காணாமல் போய்விடும்.

அதனால் என்.எம்.ஆர். ஆய்வாளர்கள் எஸ்.டி.எஸ். என்ற சோப்பு மூலக்கூறுகளின் சிறு உருண்டையை, அதாவது மிசெல்லை, சவ்வுக்குப் பதிலாக வைத்தார்கள். 2005இல் வந்த அமைப்பு மிகத் தெளிவானது. 3 முதல் 37 வரை ஒரு சுருள், 45 முதல் 92 வரை இன்னொன்று, நடுவில் ஒரு மடிப்பு. கொண்டை ஊசி போல இரண்டும் ஓரளவு அருகருகே கிடந்தன.

இ.பி.ஆர். குழுக்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர்கள் பார்ப்பது எலெக்ட்ரானின் ஸ்பின்னை. அதன் காந்தத் திறன் புரோட்டானைவிட 658 மடங்கு. புரதத்தில் இரண்டு இடங்களில் சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தை வைத்து, அவற்றில் ஜோடி சேராத எலெக்ட்ரான் உள்ள நைட்ராக்சைடு அடையாளங்களை ஒட்டி, சாம்பிளை உறைய வைத்து, இரண்டு எலெக்ட்ரான்களுக்கு நடுவிலுள்ள தூரத்தை அளப்பதுதான் டீர் முறை. உறைந்த சாம்பிளில் மூலக்கூறு சுழல வேண்டிய அவசியமே இல்லை. மிசெல்லானாலும் சரி, நுண்குமிழியானாலும் சரி, முழுச் சவ்வானாலும் சரி. 2008இல் நுண்குமிழிகளில் அளந்து, சுருள் உடையாமல் நீளமாகக் கிடக்கிறது என்றன சில குழுக்கள். வேறொரு குழு அதே ஆண்டில் நுண்குமிழியிலேயே குதிரை லாட வளைவைக் கண்டது.

யார் சரி? கணக்கு போட்டால் புரியும். சுருளில் ஒரு அமினோ அமிலத்துக்கு 0.15 நானோமீட்டர் நீளம். 90 அமினோ அமிலங்கள் நேராக நின்றால் 13.5 நானோமீட்டர். எஸ்.டி.எஸ். மிசெல்லின் விட்டம் அதில் பாதிகூட வராது. அவ்வளவு சிறிய உருண்டையில் நீளமான சுருள் வளையாமல் படுக்கவே முடியாது. என்.எம்.ஆர். அமைப்பில் தவறு எதுவும் இல்லை, மிசெல்லில் புரதம் அப்படித்தான் இருந்தது. ஆனால் மிசெல்லைத் தேர்ந்தெடுத்தது உயிரியல் அல்ல, என்.எம்.ஆரின் அளவு எல்லை. இன்று பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்வது, எந்தக் கொழுப்பு, எவ்வளவு வளைவு என்பதைப் பொறுத்து இரண்டு வடிவங்களும் உண்டு என்பதே.

டீர் முறைக்கும் அதன் எல்லை உண்டு. தூரத்தை அது சிக்னலின் அலைவிலிருந்து கணக்கிடுகிறது. இரண்டு எலெக்ட்ரான்கள் ஒரு நானோமீட்டர் இடைவெளியில் இருந்தால் அலைவு வினாடிக்கு 5.2 கோடி முறை. தூரம் கூடும்போது அது தூரத்தின் கன மடங்காகக் குறையும். 5 நானோமீட்டரில் ஓர் அலை முடிய 2.4 மைக்ரோ வினாடி. 8 நானோமீட்டரில் ஏறத்தாழ 10. சாதாரணத் தாங்கல் கரைசலில் நைட்ராக்சைடின் சிக்னல் சில மைக்ரோ வினாடிகளில் அவிந்துவிடும். கனநீரும் டியூட்டீரியம் ஏற்றிய கிளிசராலும் போட்டால் நீட்டிக்கலாம். ஆகவே 1.5 முதல் 8 நானோமீட்டர் வரையிலான தூரங்களுக்கே இதைத் திட்டமிடுங்கள். முழுச் சுருளின் 13.5 நானோமீட்டரை ஒரே அளவில் பிடிக்க நினைக்காமல், துண்டு துண்டாக ஜோடிகளை வையுங்கள். அப்புறம், நைட்ராக்சைடுக்கும் ஒரு வால் உண்டு. கிடைக்கும் தூரம் புரத முதுகெலும்பின் தூரம் அல்ல, அடையாளங்களின் தூரம்.

அசைவைப் பற்றிக் கேட்டால் நான் என்.எம்.ஆரின் பக்கம். தனியாகக் கரைசலில் இருக்கும் ஆல்ஃபா-சைனியூக்ளினின் நைட்ரஜன்-15 எச்.எஸ்.க்யூ.சி. நிறமாலையை, அதாவது நைட்ரஜனோடு பிணைந்த ஹைட்ரஜன்களைப் புள்ளிகளாகக் காட்டும் படத்தை, பார்த்தவர்களுக்குத் தெரியும். அமினோ அமிலங்களின் புள்ளிகள் எல்லாம் புரோட்டான் அச்சில் 8 பி.பி.எம்.மைச் சுற்றிய ஒரு குறுகிய பட்டைக்குள் நெருக்கியடித்து நிற்கும். வடிவமில்லாத புரதத்தின் முகவரி அது. அதில் ஐந்து புரோலின்கள் தென்படாது, அவற்றுக்கு அமைடு ஹைட்ரஜன் இல்லை. 37 டிகிரியில் எடுத்தால் இன்னும் பல புள்ளிகள் நீரோடு ஹைட்ரஜனைப் பரிமாறிக்கொண்டு மங்கிவிடும் என்பதால் 10 அல்லது 15 டிகிரிக்குக் குளிர்வித்தே எடுக்கிறோம். இந்தச் சாம்பிளில் நுண்குமிழியைச் சேர்த்தால் முதல் 100 அமினோ அமிலங்களின் புள்ளிகள் மறைந்து, கடைசி 40இன் புள்ளிகள் அப்படியே நிற்கும். எது ஒட்டியது, எது ஒட்டாமல் ஆடுகிறது என்பது ஒரே மாலையில் தெரிந்துவிடும். டீர் முறையில் இதை அறியப் பல பிறழ்வுப் புரதங்கள் செய்ய வேண்டும்.

திரண்ட பிறகு

நாரிழையாகத் திரண்டுவிட்டால் கரைசல் என்.எம்.ஆருக்கு வேலை இல்லை. சாம்பிளைக் குழலில் அடைத்து, காந்தப் புலத்துக்கு 54.7 டிகிரி சாய்த்து, வினாடிக்குப் பல ஆயிரம் முறை சுழற்றும் திடநிலை என்.எம்.ஆர். இங்கே வரும். 2016இல் ஆல்ஃபா-சைனியூக்ளின் நாரிழையின் முதல் முழு அணு நிலை அமைப்பைக் கொடுத்தது இதுதான்.

இன்று நிலைமை வேறு. 2018 முதல் கிரையோ எலெக்ட்ரான் நுண்ணோக்கி, அதாவது உறைய வைத்த சாம்பிளை எலெக்ட்ரான்களால் பார்க்கும் நுண்ணோக்கி, நாரிழை அமைப்புகளை வரிசையாகத் தருகிறது. நாரிழையின் நடுப்பகுதி எப்படி மடிந்திருக்கிறது என்பது மட்டும் உங்கள் கேள்வி என்றால் அங்கேயே போங்கள். அதற்குக் கார்பன்-13 போன்ற, என்.எம்.ஆருக்குத் தெரியும் ஐசோடோப்பு ஏற்றிய மில்லிகிராம் கணக்கான புரதம் தேவையில்லை. மூளையிலிருந்து பிரித்த நாரிழையையே நேரடியாகப் பார்க்கலாம். திடநிலை என்.எம்.ஆருக்கு அந்த அளவு போதாது என்பதால், மூளையின் நாரிழையை விதையாகப் போட்டு ஐசோடோப்பு ஏற்றிய புரதத்தைச் சோதனைக் குழாயில் வளர்க்கிறார்கள். ஆனால் எம்.எஸ்.ஏ. என்ற தொடர்புள்ள நோயின் நாரிழைகளை அப்படி வளர்த்தபோது, விளைந்தவை விதையின் மடிப்பை அப்படியே பிரதி எடுக்கவில்லை என்று 2021இல் காட்டினார்கள். மறுபடியும் சாம்பிள்தான்.

நாரிழையின் நடுப்பகுதிக்கு வெளியே ஆடிக்கொண்டிருக்கும் வால்கள் நுண்ணோக்கியில் மங்கலாகவே தெரியும். அவற்றின் அசைவு, மருந்து மூலக்கூறு அவற்றில் எங்கே ஒட்டுகிறது, நாரிழைக்குள் நீர் எங்கே இருக்கிறது என்பவை திடநிலை என்.எம்.ஆரின் சொந்த நிலம். அந்தக் கேள்வி இருந்தால் மட்டும் ஐசோடோப்புச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

செல்லுக்குள்ளேயே பார்க்க வேண்டும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஐசோடோப்பு ஏற்றிய ஆல்ஃபா-சைனியூக்ளினை மின்துடிப்பால் பாலூட்டி செல்களுக்குள் செலுத்தி, செல்லையே என்.எம்.ஆர். குழாயில் வைத்துப் பார்த்த 2016 ஆய்வு, நரம்பு செல்லுக்குள்கூட இது வடிவமின்றியே இருக்கிறது என்று காட்டியது. அதே ஆய்வில் இ.பி.ஆரும் துணைக்கு வந்தது. குழாய்க்குள் செல்கள் நெடுநேரம் நலமாக இருக்காது என்பதால் அளவீட்டை விரைவாக முடிக்க வேண்டும். முடிந்ததும், சிக்னல் செல்லிலிருந்து வந்ததா, செத்த செல்களிலிருந்து கசிந்த புரதத்திலிருந்து வந்ததா என்று வெளிநீரைத் தனியாக அளந்து பார்ப்பது அவசியம்.

தனி மூலக்கூறையே படமெடுக்கும் கனவும் உண்டு. ஐ.பி.எம். அல்மடென் ஆய்வகம் 2009இல் விசையை அளக்கும் நுண்கோலை வைத்து, புகையிலைத் தேமல் வைரஸை 10 நானோமீட்டருக்கும் குறைவான நுணுக்கத்தில் காந்த ஒத்ததிர்வுப் படமாக்கியது. அதற்கு வெற்றிடமும், தனிப்பூஜ்யத்துக்கு மேல் 0.3 கெல்வின் குளிரும் தேவைப்பட்டன. வைரத்துக்குள் இருக்கும் நைட்ரஜன்-வெற்றிட மையங்களை உணரியாக்கும் முறை அறை வெப்பநிலையிலேயே வேலை செய்கிறது. தனிப் புரதத்திலிருந்து சிக்னலும் எடுத்திருக்கிறார்கள். ஆனால் புரதம் வைரத்தின் மேற்பரப்பிலிருந்து சில நானோமீட்டருக்குள் இருந்தாக வேண்டும். இந்தத் துறையை வளர்க்க விரும்பினால் தாராளமாகப் போங்கள், அருமையான இயற்பியல். ஆல்ஃபா-சைனியூக்ளினைப் பற்றிய விடை மூன்றாண்டில் வேண்டும் என்றால் இப்போதைக்கு இது வழி அல்ல.

எதில் தொடங்குவது?

நோயாளிகளைக் காலப்போக்கில் தொடர்வது நோக்கமென்றால் டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. வேறு தேர்வே இல்லை. புரத அளவில் வேலை என்றால், கேள்வி எதுவானாலும், கரைசல் என்.எம்.ஆரில் ஒரு எச்.எஸ்.க்யூ.சி. எடுத்துவிட்டு மேலே போங்கள் என்பேன். நைட்ரஜன்-15 அம்மோனியம் குளோரைடு கார்பன்-13 குளுக்கோஸை ஒப்பிட்டால் மலிவு. புரதம் நல்ல நிலையில் இருக்கிறதா, சிதைந்திருக்கிறதா என்பது அதிலேயே தெரியும். சவ்வின் மேல் வடிவம் வேண்டுமென்றால் அடுத்து டீர். கையில் பணமும் நேரமும் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், சவ்வுக் கேள்விக்கு நான் டீரையே எடுப்பேன், உண்மையான கொழுப்பை வைத்தே அளக்க விடுகிறது என்பதற்காக. உங்கள் நிறுவனத்தில் மெஷின் இல்லையென்றால், மத்திய அரசின் ஐ-ஸ்டெம் தளத்தில் நாட்டிலுள்ள கருவிகளின் பட்டியல் இருக்கிறது. அதில் பார்த்து வெளியாட்களுக்கான நேரம் கேட்கலாம்.

எந்த முறைக்குப் போனாலும், ஈ. கோலை பாக்டீரியாவில் புரதம் செய்யும் முன், மரபணுவைச் சுமக்கும் டி.என்.ஏ. வளையமான பிளாஸ்மிடில் 136ஆவது கோடானை, அதாவது அந்த இடத்து அமினோ அமிலத்துக்கான மூன்றெழுத்துக் குறியீட்டை, பாருங்கள். ஆல்ஃபா-சைனியூக்ளினில் இயல்பாகச் சிஸ்டைனே கிடையாது. டீருக்கு அது பெரிய வசதி, நாம் வைத்த இடத்தில் மட்டும் அடையாளம் ஒட்டும். ஆனால் அந்த இடத்தில் டைரோசினுக்கான கோடான் டி.ஏ.சி. என்று இருந்தால், பாக்டீரியா அதைத் தவறாகப் படித்து, ஐந்தில் ஒரு பங்கு மூலக்கூறுகளில் சிஸ்டைனை வைத்துவிடும். அந்தச் சிஸ்டைன் நைட்ராக்சைடைப் பிடித்துக்கொண்டு இல்லாத தூரத்தைக் காட்டும். என்.எம்.ஆர். சாம்பிளிலோ இரண்டு மூலக்கூறுகளைக் கந்தகப் பிணைப்பால் கோத்துவிடும். கோடானை டி.ஏ.டி. என்று மாற்றினால் தீர்ந்தது. அமினோ அமிலம் மாறாது.